எதிர்மாடிக்கு ஒரு சலாம்

எண்பதுகளில் கல்முனையில் மேல்மாடி வீடொன்றில் குடியேறினேன். எதிர்த் தேநீர்க்கடை மாடியிலிருந்த ஆண்கள் உள்ளே பார்த்தார்கள். திரைச்சீலைக்கு வசதியில்லை; யன்னலில் பலகை அடிக்கப் போனேன். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா, ஊர் வழக்கில் ராத்தா, ஓடிவந்து தடுத்தார். கதைக்கும்போதும் அவர் உதட்டில் ஊசியொன்று இருக்கும்.

“அவனுகள் பாக்கிறத்துக்கு நாம ஏன் புள்ள வெக்கையில வேகணும்?”

கண்ணாடியின் கீழ்ப்பாதியில் கஞ்சி தடவிப் பழைய பத்திரிகை ஒட்டினார். மேல்பாதியைக் காற்றுக்காகத் திறந்தே விட்டார். உடனே எதிரே ஒருவர் கதிரையில் ஏறி எட்டிப் பார்த்தார். ராத்தா ஊசியைக் கையிலெடுத்தார்.

“அஸ்ஸலாமு அலைக்கும், காக்கா!”

அண்ணா என்று விளித்துச் சொன்ன அந்தச் சலாமில் தெருவே நிமிர்ந்தது. சலாமுக்குப் பதில் சொல்வது கடமையல்லவா? கதிரையில் நின்றபடியே அவர் முணுமுணுத்தார்.

“கேக்கல்லயே காக்கா, சத்தமாச் சொல்லுங்க!”

மறுநாள் சாக்குத்திரை ஒன்று தொங்கியது, எதிர் மாடியில்.