மாப்பிள்ளையோடு வந்த கும்பிடுபூச்சி

யுத்தம் முடிந்த அடுத்த வருசம் எனக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். குருக்கள்மடத்திலிருந்து ஆரையம்பதிக்கு அவர் வந்தபோது கொண்டுவந்தது ஒரு உடுப்புப் பை, மேசன் சாமான்கள் போட்ட ஒரு உரப்பை, நுளம்புவலைத் துண்டால் வாய் கட்டிய ஒரு பெரிய பிஸ்கட் போத்தல். போத்தலுக்குள் ஒரு குச்சி. குச்சியில் ஒரு கும்பிடுபூச்சி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா என்னைக் குசினிக்குள் அடுப்படிக்கு இழுத்தா.

"புள்ள, மாப்பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையோ? பக்குவமாக் கேட்டுப் பார்."

அடுத்த நாள் கேட்டேன். அவர் வெட்கப்படாமல் சொன்னார். சுனாமியில் அவருடைய வீடும் தோணியும் போய்விட்டன. ஆட்கள் தப்பிவிட்டார்கள். முகாமில் கூடாரத்துக்குள் இருக்கும்போது ஈத் தொல்லை சொல்லி முடியாது. கூடாரக் கயிற்றில் ஒரு கும்பிடுபூச்சி வந்து குந்திக்கொண்டு, வருகிற ஈயையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றதாம். இவர் பக்கத்தில் இருந்து பார்த்தபடியே இருந்திருக்கிறார்.

"அண்டைக்குப் பகல் முழுக்க நான் கடலை நினைக்கல்ல," என்றார்.

அதைப் பிடித்து ஒரு தகர ரின்னில் வளர்த்தாராம். அது செத்ததும் இன்னொன்று. பிறகு சண்டைக் காலத்தில் வேலைக்குப் போகும்போதும் போத்தலைக் கையோடு கொண்டுபோவார். சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரன் அதை வாங்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தானாம்.

"சரி, ஆனா குசினிக்குள்ள வைக்கப்படாது," என்று மட்டும் சொன்னேன்.

அந்த நேரம் பாசிக்குடாவில் ஹோட்டல்கள் கட்டத் தொடங்கியிருந்தார்கள். அவருக்கு அங்கே ஒரு மேசன் பாஸிடம் வேலை கிடைத்தது. அங்கேயே தங்கி வேலை, இடைக்கிடைதான் வீடு. போகும்போது போத்தலை என்னிடம் தந்து பாடம் எடுத்தார். செத்ததைப் போட்டால் அது திரும்பியும் பார்க்காது, இரை அசைய வேண்டும். மருந்தடித்த பூச்சி கூடாது. தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்காமல் வலையில் விரலால் தெளித்துவிட வேண்டும்.

முதல் நாள் வயல் வட்டை ஓரத்தில் ஒரு வெட்டுக்கிளியைச் சீலைத் தலைப்பால் பொத்திப் பிடித்து வந்தேன். வலையைத் தூக்கியதும் அது பாய்ந்து என் கழுத்தில் ஒட்டிக்கொண்டது. நான் போட்ட சத்தத்தில் அம்மா விளக்குமாற்றோடு ஓடிவந்தா. அவ ஏற்கெனவே குசினியில் ஒரு கரப்பானைத் துரத்திக்கொண்டிருந்தவ.

"கரப்பான் எண்டாத் தின்னுமா?" என்று கேட்டா.

"போட்டுப் பாருங்க."

அம்மா கரப்பானை மீசையில் பிடித்துக் கொண்டுவந்து உள்ளே விட்டா. கும்பிடுபூச்சி கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. அடுத்த கணம் கரப்பான் அதன் கைகளுக்குள். தலைப்பக்கத்திலிருந்து ஆறுதலாக, அவசரப்படாமல் தின்று முடித்து, பிறகு இரண்டு கைகளையும் வாயில் வைத்துத் துடைக்கத் தொடங்கியது.

"பாத்தியா புள்ள, கை கழுவுது!" என்றா அம்மா. அதற்குப் பிறகு எனக்கு அந்தப் போத்தலில் வேலை இருக்கவில்லை. அயல் வீட்டுப் பெண்கள் நெருப்புப்பெட்டிக்குள் கரப்பான் கொண்டுவந்து கொடுப்பார்கள். அம்மா திறந்து பார்த்து, "இது பெரிசு, கொஞ்சம் சின்னனாப் பாருங்க," என்று திருப்பியும் அனுப்புவா.

ஒருமுறை அது சாப்பிடாமல் தொங்கியது. அம்மாவும் சாப்பிடவில்லை. அவருக்குப் போன் எடுத்தோம். "தோல் கழட்டப்போகுது மாமி, தொடாதீங்க," என்றார். அடுத்த நாள் காலையில் பழைய தோல் வெறும் கூடாகத் தொங்க, பக்கத்தில் அது பறக்கிற புதுச் செட்டைகளோடு இருந்தது.

அவர் லீவில் வந்தபோது விளக்குக்கு ஒரு ஆண் பூச்சி பறந்து வந்தது. பிடித்து உள்ளே விட்டார். விடிந்து பார்த்தால் மாப்பிள்ளையின் செட்டை மட்டும் போத்தலின் அடியில் கிடந்தது. அம்மா அவரைப் பாவமாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினா.

"நீ இதுகளப் பாத்துப் பழகாத."

பிறகு அது குச்சியில் நுரை மாதிரி ஒன்றை வைத்தது. நுரை காய்ந்து மண்ணிறமாகி இறுகியது. உள்ளேதான் முட்டைகள் என்று அவர் சொல்லியிருந்தார். கொஞ்ச நாளில் தாய்ப்பூச்சி செத்துவிட்டது. அம்மா அதைத் தேசிக்காய் மரத்தடியில் புதைத்துவிட்டு, குச்சியைப் போத்தலிலேயே விட்டு வைத்தா.

ஒருநாள் காலை அம்மாவின் கூச்சல் கேட்டு ஓடினேன். அந்த நுரைக் கூட்டிலிருந்து நூல் நூலாகக் குஞ்சுகள் இறங்கிக்கொண்டிருந்தன. எறும்பளவுதான். அந்த அளவிலேயே எல்லாம் கைகூப்பிக்கொண்டு நின்றன. நான் போனை எடுத்தேன். அவருடைய போன் வேலை செய்யவில்லை. பாஸின் நம்பருக்கு அடித்தேன். பாஸ் "ஹலோ" என்றதும் அம்மா போனைப் பறித்தா.

"தம்பியிட்டச் சொல்லுங்க, பிள்ளைகள் பொறந்திட்டு! எல்லாம் சுகமா இருக்கு!"

அதோடு போனில் காசு முடிந்து லைன் அறுந்துவிட்டது.

பிறகு நடந்ததை அவர்தான் சொன்னார். பாஸ் கீழே நின்று, "இரட்டைப் பிள்ளையடா!" என்று கத்தினாராம். சாரத்தில் ஏறி நின்றவரை இறக்கி எல்லாரும் தூக்கிக்கொண்டார்கள். "வாயே திறக்கல்லையே நீ," என்று ஒருவன் முதுகில் அடித்தான்.

"பாஸ், அது பூச்சி," என்றிருக்கிறார் இவர்.

"ஓம் ஓம், பொறந்த உடனே பூச்சி மாதிரித்தான் இருக்கும். நீ முதல்ல வீட்ட போ."

பின்னேர பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் பாஸ் வாங்கிக் கொடுத்துவிட்ட குழந்தைச் சவர்க்காரம், பவுடர், இரண்டு சின்னச் சட்டை, குடை மாதிரி விரிக்கிற ஒரு நுளம்புவலை. மேசையில் எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போத்தலை எட்டிப் பார்த்தார். அம்மா சிரித்துச் சிரித்து நிலத்திலேயே இருந்துவிட்டா.

அந்த வலைதான் மிகவும் உதவியது. அதற்குள் கொப்புகளை வைத்துக் குஞ்சுகளை விட்டோம். அழுகிய வாழைப்பழத்துக்கு வரும் சின்ன ஈக்கள்தான் சாப்பாடு. வீடு முழுக்க அந்த மணம். அப்படியும் ஒன்றையொன்று பிடித்துத் தின்றன. பெரும்பாலானவற்றை வளவு மரங்களில் கொண்டுபோய் விட்டுவிட்டோம்.

திரும்பிப் போனதும் அவர் பாஸிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். சாமான்களைத் திருப்பிக் கொடுக்கப் போக, பாஸ் வாங்கவில்லை. "வச்சிரு, தேவைப்படும்," என்றாராம்.

தேவைப்பட்டது. அடுத்த வருசம் எங்களுக்கு மகள் பிறந்தாள். அவர் பாஸிடம் போய், "பிள்ளை பொறந்திருக்கு, லீவு வேணும்," என்று கேட்டார்.

பாஸ் கையிலிருந்த வேலையை விடாமலே கேட்டாராம்:

"எத்தின கால்?"

"ரெண்டு, பாஸ்."

"அப்ப சரி, போயிட்டு வா."