கல்யாணத்துக்கு வலமாகப் போன ரயில்

எங்கள் ஊர் இன்சீன் நிலையத்துச் சுவரில் ஒரு பழைய பலகை இருந்தது. யாங்கோனைச் சுற்றிவரும் வட்ட ரயிலின் வரைபடம். நகரத்தின் பெயர் மாறியபோது ‘ரங்கூன்’ என்பதன்மேல் வெள்ளையடித்துப் புதுப்பெயர் எழுதினார்கள். வெள்ளை உரிந்து பழைய பெயரும் எட்டிப் பார்க்கும். உண்மையில் அந்தப் பாதை நெளிந்து நீண்டு வடக்கே எங்கோ போய்த் திரும்புகிறது. வரைந்தவருக்கோ பர்மிய எழுத்து மாதிரி எல்லாம் உருண்டையாக இருக்க வேண்டும். சோற்றுத்தட்டைக் கவிழ்த்து வரைந்ததுபோல் ஒரு வட்டம் போட்டு, நிலையங்களைச் சம இடைவெளியில் பொட்டுகளாக வைத்துவிட்டார். எனக்கு ரொம்பப் பிடித்த படம். என் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்ததும் அதுதான்.

பெண் வீடு யாங்கோன் நிலையத்தை ஒட்டிய பபேடான். அங்கே கோயிலில் பத்து மணிக்குள் தாலி கட்ட வேண்டும். படத்தில் யாங்கோன் அடியில், இன்சீன் இடப்பக்கம் மேலே. நேரே கீழே இறங்கினால் சீக்கிரம் போய்விடலாம். பெரியம்மா பலகையை அண்ணாந்து பார்த்தார்.

“கல்யாணத்துக்குப் போறவங்க இடமாச் சுத்தலாமாடா? கோயில்ல அப்படியா சுத்துவோம்? வலமாப் போவோம். கொஞ்சம் பொட்டு கூடுதலா வரும், அவ்வளவுதானே!”

பெரியம்மாவை எதிர்த்துப் பேச எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. ஏறினோம். டன்யின்கோன் சந்தையில் முட்டைக்கோஸ் மூட்டைகள் ஏறின. என் பட்டு வேட்டிமேல் ஒரு கொத்தமல்லிக் கட்டு வந்து உட்கார்ந்தது. மிங்கலாடோனில் ரயில் சும்மா நின்றது. நேரம் தவறினால் அந்தப் பெண் எனக்கு இல்லை என்று பயந்தே போனேன்.

கோயிலுக்குள் ஓடியபோது பூசாரி மந்திரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். மெதுவாகச் சொல்லுங்கள் என்று அவரிடம் கெஞ்சியவள் மணப்பெண்தானாம். கொத்தமல்லி வாசனையோடு, கடைசி நிமிடத்தில் தாலி கட்டினேன்.

“வலமா வந்தோம், அதான் நல்லபடியா நடந்துச்சு” என்றார் பெரியம்மா, எல்லோரிடமும்.

மாலையில் பெண்ணோடு வீடு திரும்பும்போதும் வலமாகத்தான் என்றார். மாமனார் முகம் வெளுத்தது. யாங்கோன் நிலையத்தில் இருந்த அதே படத்தை அவருக்குக் காட்டினேன். அடியிலிருந்து வலமாகச் சுற்றினால் இன்சீன்தான் கிட்டே.

வழியெல்லாம் என் மனைவி தலை நிமிரவில்லை. கோபமோ என்று தவித்தேன். இன்சீனில் ரயில் நின்றதும்தான் மெல்லக் கேட்டாள்:

“அதுக்குள்ள வந்துடுச்சா? காலையில நீங்க வந்த வழியா வந்திருக்கலாம்ல?”