ஆற்று மணலுக்கு ஒரு வண்டி

மேகலா வீட்டு வாசலில் நின்றால் அக்கரையில் கம்பெனி பஸ் வந்து நிற்பது தெரியும். காலை ஏழு பத்துக்கு வரும். நடுவில் பாலாறு. ஆறு என்றுதான் பெயர், வருஷத்தில் பத்து மாதம் வெறும் மணல். அந்த மணலைக் கால்மணி நேரம் நடந்து கடந்து, பன்னிரண்டு வருஷம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போய் வந்தவள் அவள். தையல் லைனில் சேர்ந்து, மற்றவர்கள் தைத்ததைச் சரிபார்க்கும் செக்கராக உயர்ந்திருந்தாள்.

தை மாதம் கணவன் பிரேம்நாத்தின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, கரைச் சரிவில் வண்டி மணலில் வாரிவிட்டது. அவளுடைய இடது கணுக்காலில் பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கணுக்கால் மடங்கவில்லை. சிமெண்டுத் தரையில் நடக்கலாம், மேஜை முன் நாள் முழுக்க உட்காரலாம். மணலில் பத்தடி வைத்தால் பாதம் புதைந்து வலி உயிர் போகும். சுற்றிப் போவதற்கு இருந்த தரைப்பாலமும் முன்பே ஒரு வெள்ளத்தில் போய்விட்டது.

எட்டு மாதம் வீட்டிலேயே கிடந்தாள். பிரேம்நாத் ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலைக்குப் போய்விடுவான். சில வாரம் இரண்டு நாள் கழித்துத்தான் வருவான். அவளுக்கு அடுப்பு, டிவி, மாடு, மறுபடி அடுப்பு. ஏழு பத்துக்குப் பஸ் ஹாரன் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வாள். புரட்டாசிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

ஏலகிரி மலையில் யாரோ நான்கு பருத்த சக்கரங்கள் கொண்ட வண்டியில் சேற்றில் போகிற வீடியோவைப் போனில் பார்த்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஏ.டி.வி. என்று அதற்குப் பெயர். சேற்றில் போவது மணலில் போகாதா? ஒரு வாரம் பிரேம்நாத்தை நச்சரித்தாள். கடைசியில் பக்கத்துக் கொல்லைக்காரரின் டிராக்டரில் அவளை ஏற்றி அக்கரை சேர்த்து, ஆம்பூர் பைபாஸ் ஓரம் ரஷீத் அஹமதுவின் யார்டுக்குக் கூட்டிப்போனான். ரஷீத் பாய் மலையில் ஒரு ரிசார்ட்டில் இந்த வண்டிகளை ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இப்போது வாங்கி விற்கிறார்.

அங்கே போனதும் பேச்சு அவள் கையை விட்டுப் போய்விட்டது. பிரேம்நாத் நேராகப் பெரிய கறுப்பு வண்டியிடம் போனான். இருநூற்றைம்பது சி.சி., கியர் வண்டி. தீவன மூட்டை ஏற்றலாம், வாழைத்தார் ஏற்றலாம் என்று அடுக்கிக்கொண்டே போனான். மேகலா அவ்வளவு பெரியதைத் தன்னால் ஓட்ட முடியுமா என்று கேட்டாள்.

"நீ இன்னாத்துக்கு ஓட்டணும்? நான் இருக்கிற அன்னிக்கு நான் கொண்டாந்து வுடறேன்" என்றான்.

அவன் இல்லாத நாட்களை அவள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். கறுப்பு வண்டியில் ஏறினாள்.

முதல் கியரைப் பாயே போட்டுக் கொடுத்தார். ஆக்சிலேட்டரை வலது கைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும் என்றார். அவள் லேசாகத்தான் அழுத்தினாள். வண்டி எகிறிக்கொண்டு போய், நிறுத்தியிருந்த லாரிக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் மூக்கை நுழைத்து முட்டி நின்று அணைந்தது. இடது முழங்காலை ஒட்டிச் சுவர், வலது முழங்காலை ஒட்டி லாரியின் டயர். இறங்கவும் இடமில்லை. பின்னால் நின்ற பிரேம்நாத் காலைத் தூக்கு, பிரேக்கைப் பிடி, நியூட்ரல் பண்ணு என்று ஒரே நேரத்தில் பத்துச் சொன்னான். கியரைத் தூக்க வேண்டியது இடது பாதம். அந்தப் பாதம்தான் மடங்காதே.

சுவரில் நசுங்கிய பூரான் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதமாக இப்படித்தான் இருக்கிறோம் என்று தோன்றியது. அழுகை வரவில்லை. கோபம் வந்தது.

ரஷீத் பாய் பின்னாலிருந்து இழுக்க ஆள் கூப்பிட்டார்.

"இழுக்க வேணாம் பாய். ரிவர்ஸ் எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் சொல்லச் சொல்ல, குனிந்து கையாலேயே கியர் கம்பியைத் தள்ளி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாள். டேங்குக்குக் கீழே இருந்த ரிவர்ஸ் லீவரை இழுத்து, இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் பண்ணினாள். மூன்றாவது தடவைதான் வண்டி அசைந்தது. லாரியில் உரசி முழங்கால் சிராய்த்துவிட்டது.

வெளியே வந்து இறங்கியதும் பாயிடம், காலால் கியர் போடத் தேவையில்லாத வண்டி எது என்று கேட்டாள். அவர் ஓரத்தில் நின்ற சிவப்பு வண்டியைக் காட்டினார். பாதி உயரம், நூற்றிருபத்தைந்து சி.சி. முன்னே போக, நிற்க, பின்னே வர எல்லாம் கைக்குப் பக்கத்தில் ஒரே லீவர். வேகத்தைக் கட்டிப்போட ஒரு திருகாணி. மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் சிவப்புக் கயிறு, ஆள் விழுந்தால் இன்ஜின் அணைந்துவிடும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பச் சொன்னார், கை எட்டுகிறதா என்று பார்த்தார்.

"புதுசா ஓட்றவங்களுக்கு இது போதும்மா. மணல்ல டயருக்குக் காத்து கம்மியா வையி, நிக்காம மெதுவா போ. ஒண்ணு, ரோட்ல ஏத்தக்கூடாது. இதுக்கு நம்பர் கெடையாது."

"ஆத்தோட இருந்துக்கறேன் பாய்" என்றாள் மேகலா.

பிரேம்நாத் அதைப் பொம்மை என்றான். தன் பி.எஃப். பணத்தில் வாங்குவதாகவும் தானே ஓட்டப்போவதாகவும் அவள் சொன்னாள். ஒரு மாதம் அவன் அந்த வண்டியைத் தொடவில்லை.

புரட்டாசி முதல் திங்கள்கிழமை அவள் வேலைக்குப் போனாள். தினமும் ஆற்றைக் கடந்து, அக்கரை டீக்கடை வேப்பமரத்தில் வண்டியைச் சங்கிலி போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். ஐப்பசியில் தண்ணீர் வந்தது. பதினோரு நாள் மறுபடி வாசலில் நின்று பஸ்ஸைப் பார்த்தாள். தண்ணீர் வடிந்த மறுநாளே போய்விட்டாள்.

சில சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போகமாட்டாள். மணலோடு கிழக்கே ஓட்டுவாள். இரண்டு கிலோமீட்டரில் மணல் அள்ளிய பெரும்பள்ளம் ஆற்றைக் குறுக்கே வெட்டிக் கிடக்கிறது. கரையேறினால் தார் ரோடு, அதில் போகக்கூடாது. பள்ளத்தின் விளிம்பில் இன்ஜினை அணைக்காமல் கொஞ்ச நேரம் நிற்பாள். எதிர்ப்பக்கம் மணல் வேலூர்வரை போகிறது. பிறகு லீவரைப் பின்னுக்குத் தள்ளி, வண்டியைத் திருப்பிக்கொண்டு மாடு கறக்க வருவாள்.