நுரையோடு ஒரு டம்ளர்

"பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறீங்க?"

போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் இப்படிக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பாலைப் பற்றி என்னிடமா கேள்வி?

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் ஒரு சந்தேகப் பிராணி. பெட்ரோல் பங்க்கில் மீட்டர் பூஜ்யத்தில்தான் இருக்கும், ஆனாலும் குனிந்து இன்னொரு தடவை பார்ப்பேன். அப்படிப்பட்டவன் பாக்கெட் பாலை நம்புவேனா? ஃப்ரிட்ஜில் வைத்தால் கெடாமல் அப்படியே இருக்கிறதே... அதெப்படி? உள்ளே என்னத்தைப் போடுகிறார்கள்? ஒரே நாளில் நிறுத்திவிட்டேன்.

திருக்கோவிலூரில் எங்கள் தெருக்கோடியில் அஞ்சலை என்று ஒரு பெண். ஒற்றை மாடு வைத்துப் பிழைக்கிறவள். விடிந்ததும் அங்கே போய் நின்றுவிடுவேன். கண்ணெதிரே கறந்தால்தான் வாங்குவேன். கறப்பதற்கு முன்னால் சொம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வேன். அடியில் தண்ணீர் இருந்துவிட்டால்?

முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். மாட்டுக்குப் பக்கத்தில் கன்றைக் காணோம்.

"கன்னுக்குட்டி எங்கம்மா?"

"அத்த ஏன் சார் கேக்கறீங்க... குறை மாசத்துலயே கன்னு வீசிடுச்சி, செத்துத்தான் வந்துச்சி. நான்தான் கையவுட்டு இழுத்துப் போட்டேன்" என்றாள். முகம் வாடிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் அய்யோ பாவம் என்றிருப்பார்கள். என் புத்தி எங்கே போனது தெரியுமா? கன்று இல்லாமல் மாடு எப்படிப் பால் சுரக்கும்? ஊசி போடுகிறாளோ? தவிட்டு மூட்டைக்குப் பின்னால், கூரை இடுக்கில் என்று தினமும் சிரிஞ்சைத் தேடினேன். கிடைக்கவில்லை.

கறக்கும்போது நடுநடுவே நிறுத்திவிட்டு விரல்களை நீவிக்கொள்வாள். உடனே உஷாராகிவிடுவேன். நான் அந்தப் பக்கம் திரும்புவதற்காகக் காத்திருக்கிறாளோ?

கடைசியில் நம்பிக்கை வந்தது. சுத்தமான பால்! ஒரு டம்ளரை அங்கேயே, நுரையோடு, பச்சையாகக் குடித்துவிடுவேன். உடம்புக்குத் தெம்பாம். மீதி வீட்டுக்கு.

வந்தது தெம்பில்லை, காய்ச்சல். சாயங்காலமானால் வரும், விடிகாலையில் வேர்த்துக் கொட்டிவிட்டுப் போகும். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். யார் காரணம்? கல்வராயன் மலையில் குடித்த ஓடைத் தண்ணீர்? உளுந்தூர்பேட்டை பிரியாணி? கொசு? எல்லாவற்றின் மீதும் சந்தேகப்பட்டேன் — பாலைத் தவிர. அதே பாலைத்தானே என் மனைவியும் குடிக்கிறாள்? அவளுக்கு ஒன்றுமே இல்லையே! கள்ளக்குறிச்சி டாக்டரிடமும் இதையேதான் சொன்னேன்.

"அவங்க காய்ச்சிக் குடிக்கிறாங்க சார்" என்றார் டாக்டர். அடுத்து, "அந்த மாடு கன்னு வீசிச்சா?"

தூக்கிவாரிப் போட்டது.

ரத்தப் பரிசோதனையில் பெயர் தெரிந்தது. புருசெல்லா. மாட்டைக் கன்று வீசவைக்கிற அதே பாக்டீரியா பாலிலும் இறங்குமாம். நன்றாகப் பொங்கக் காய்ச்சியிருந்தால் செத்திருக்கும். நான்தான் நுரையோடு உள்ளே அழைத்திருக்கிறேன்!

"கன்னை வெறுங்கையால எடுத்தவங்களுக்கும் வரும். அந்தம்மாவை உடனே வரச் சொல்லுங்க" என்றார்.

அன்று சாயங்காலமே போய்ச் சொன்னேன். அஞ்சலை பாய்ந்துவிட்டாள்.

"இன்னா சார், எம் மாட்டுக்குச் சீக்குன்றீங்களா? வெளில தெரிஞ்சா நாளைக்கு எவன் பால் வாங்குவான்? எம் பொழப்புல மண்ணப் போட வந்தீங்களா?"

"மாட்டை விடும்மா. உனக்குக் காய்ச்சல் வருதா?"

விரல்களை நீவிக்கொண்டாள்.

"பொழுது சாஞ்சா வருது. மெடிக்கல்ல மாத்திர வாங்கிப் போட்டுக்கினு கெடக்கறேன். வெரலு மடங்கவே மாட்டுது." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தெனம் எதிர்ல நின்னுக்கினு குறுகுறுன்னு பாத்தீங்களே சார்... இன்னாத்த பாத்தீங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் என் மனைவி போய்ப் பேசி, கையோடு அழைத்து வந்தாள்; மூவருமாகக் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். அஞ்சலைக்கும் அதே நோய்தான். வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். கால்நடை டாக்டர் மாட்டின் ரத்தத்தை எடுத்துப் போயிருக்கிறார். ரிசல்ட் வரும்வரை பால் விற்பனை இல்லை. நோய் உறுதியானால் மாட்டை வைத்துக்கொள்ள முடியாதாம். மாடு போய்விட்டால் அவள் என்ன செய்வாள்? நினைத்தால் பகீரென்கிறது.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் மாத்திரை அட்டையை அஞ்சலை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்த நம்பி முழுங்கலாமா சார்?" — கேட்பது யாரிடம் பாருங்கள்!

"எனக்கும் இதேதாம்மா."

"அப்ப மொதல்ல நீங்க முழுங்குங்க. கண்ணால பாத்துட்டுப் போட்டுக்கறேன்."

விழுங்கினேன். வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். காட்டினேன்.