தண்டல் வீட்டம்மா ஏறிய வள்ளம்

தூத்துக்குடிக் கடற்கரையில், ஈர மணலில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குந்தியிருந்தார் எங்கள் டெமான்ஸ்ட்ரேட்டர் அக்கா. எதிரே ஒரு தகர வாளி கவிழ்ந்து கிடந்தது. அதிலிருந்து கொட்டிய சிப்பி, பாசி, உடைந்த பவளக்கல், செத்த நண்டு எல்லாம் ஒன்றோடொன்று கலந்து குவியலாகக் கிடந்தன. வாளியைக் கடலிலிருந்து கொண்டுவந்த மாணவன் ஒருவன், முழங்கால் வரை நனைந்த கால்சட்டையோடு, பெருமையாக நின்றுகொண்டிருந்தான். இதெல்லாம் எந்த இடத்தில் எடுத்தது என்று அக்கா கேட்டார். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடலிலிருந்து, மிஸ்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும்தான் சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க அந்தக் குவியலைத் தனியாக உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்தது, ரேஷன் முடிந்திருக்கவில்லை. நான் பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் துறையில் வருஷத்துக்கு ஒருமுறை மாணவர்களைக் கடற்கரை முகாமுக்கு அழைத்துப் போவார்கள். அந்த வருஷமும் தூத்துக்குடிதான். முகாமுக்குப் போன மாணவர்களில் பெண் நான் ஒருத்திதான். ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டிச் சொல்லித்தரும் டெமான்ஸ்ட்ரேட்டராக ஒரு பெண்ணும் கூடவே வருகிறார், அதுவும் திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்துக்காரர், ஆசிரியர் குடும்பம் என்று கேள்விப்பட்ட பிறகுதான் அப்பா சம்மதித்தார். ஆய்வுக்கூடத்தில் அவரை மிஸ் என்று கூப்பிட வேண்டும். வெளியே வந்தால் எனக்கு அவர் அக்கா. என்னைவிட ஆறேழு வயது மூத்தவராக இருப்பார். கண்ணாடி போட்ட ஒல்லியான உருவம். நடந்தால் ஓடுவது போலிருக்கும்.

முகாமின் வேலை முறை எளிமையானது. விடிகாலையில் கரைக்காற்று எழும்போது, சங்கு குளிக்கும் வள்ளம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மாணவர்கள் கடலுக்குப் போவார்கள். பிற்பகலில் கடற்காற்று பாயை நிறைக்கும்போது திரும்பி வருவார்கள். அவர்கள் கொண்டுவந்ததை அக்காவும் நானும் கரையில் உட்கார்ந்து பிரித்து, கழுவி, பாட்டிலில் போட்டுப் பெயர் எழுத வேண்டும். பெண்கள் வள்ளத்தில் ஏறக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமே யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அக்காவுக்கு ஒரு ஆராய்ச்சி இருந்தது. அந்தக் கடலில் பல வருஷங்களாக முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கடலடியில் பாறை படர்ந்த இடங்களை அங்கே பார் என்பார்கள். ஒரு காலத்தில் முத்துச்சிப்பி மண்டிக் கிடந்த பார்களெல்லாம் வெறிச்சோடிக் கிடந்தன. மறுபடியும் சிப்பிக்குஞ்சு எங்கேயாவது ஒட்டத் தொடங்கியிருக்கிறதா, ஒட்டினால் எந்தப் பக்கத்தில், எந்த மாதிரிக் கல்லில் என்பதுதான் அவருடைய கேள்வி. இந்தக் கேள்விக்கு வாளியில் பதில் வராது. கல் எங்கே கிடந்தது, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்து எடுக்கச் சொல்ல, சொல்லத் தெரிந்தவர் வள்ளத்தில் இருக்க வேண்டும். இதற்கு முந்தைய முகாமிலும் இதே வாளிக் கதைதான். இந்த முறையும் ஒன்றும் கிடைக்காவிட்டால், அந்த வேலையைக் கடலுக்குப் போகக்கூடிய ஆராய்ச்சி மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிடலாம் என்று, முகாமை நடத்த வந்திருந்த எங்கள் துறைப் புரொபசர் சொல்லியிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அதை மிகவும் வருத்தத்தோடுதான் சொன்னார். அந்த வருத்தம்தான் தன்னால் தாங்க முடியாதது என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார்.

மறுநாள் மாலை அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு தண்டல் வீட்டுக்குப் போனார். வள்ளத்தை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். எங்கள் வள்ளத்துத் தண்டல் நல்ல உயரம், நரைத்த மீசை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. எங்களைக் கண்டதும் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்தார். அக்கா வந்த விஷயத்தைச் சொன்னார். அவர் மீசையைத் தடவிக்கொண்டே, அம்மா தப்பாக நினைக்கக் கூடாது என்று தொடங்கினார். தனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, ஆனால் பெண்கள் ஏறின வள்ளத்திலிருந்து குளியாள் கடலில் இறங்க மாட்டான், அவன் இறங்காவிட்டால் வள்ளம் போய் என்ன பிரயோசனம் என்றார். அவர் சொன்ன குளியாள், மூச்சடக்கிக் கடலடிக்குப் போய் வருகிறவன்.

தண்டலின் மனைவி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தார். தடித்த, குள்ளமான பெண்மணி. காதில் கனத்த பாம்படம் ஆடியது. காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல், கதவில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அக்காவைப் பார்த்து, கடலுக்குள் போய் அப்படி எதைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்தார். அக்கா தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டி, இந்த அளவுக்கு இருக்கும் சிப்பிக்குஞ்சு என்றார். அது இருந்தால் திரும்பவும் முத்துக்குளிப்பு வருமா என்று அந்தம்மா கேட்டார். வரலாம், வராமலும் போகலாம், முதலில் இருக்கிறதா என்று தெரிய வேண்டும் என்றார் அக்கா. அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"குளியாளு இறங்க மாட்டான்னு சொல்லுதீயளே, எந்தக் குளியாளு? எந்தம்பிதான?"

தண்டல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நானும் வாரேன். நான் இருக்க வள்ளத்துல எந்தம்பி எப்படி இறங்காம இருக்கான்னு பாக்கேன்."

"நீ எங்கன வார?" என்றார் தண்டல். உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

"உங்க வள்ளத்துக்குத்தான். கல்யாணமான நாள்ல இருந்து சோறு கட்டிக் குடுத்து அனுப்புதேன். அந்தச் சோறு எங்கன போகுதுன்னு ஒரு தடவயாவது பாக்கப்படாதா?"

அவர் வாழ்நாள் முழுவதும் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தவர். கணவர், தகப்பனார், தம்பி எல்லாரும் கடல் தொழிலாளிகள். ஆனால் அவர் ஒருநாளும் வள்ளத்தில் ஏறியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தண்டல் எங்களையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் சிரித்துவிட்டார்.

புரொபசரிடம் சொல்வது அதைவிடக் கடினமாக இருக்கும் என்று நினைத்தோம். அவருடைய கவலையெல்லாம், ஏதாவது ஆகிவிட்டால் பெற்றவர்களுக்கு யார் பதில் சொல்வது என்பதுதான். தண்டலின் மனைவியே கூட வருகிறார் என்று அக்கா சொன்னதும், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றினார். பிறகு, அப்படியானால் தானும் வருவதாகச் சொன்னார். மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடல் உயிரினங்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடிய எங்கள் புரொபசருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பது துறைக்கே தெரிந்த விஷயம். அலை தெரியாத குளத்தில்கூட அவருக்குத் தலை சுற்றும்.

விடிவதற்கு முன்பே தண்டல் வீட்டம்மா கரையில் நின்றார். கையில் சோற்றுப்பானை, கூடவே ஊறுகாய்ப் பரணி. குளியாள் தன் கூடப்பிறந்தவரைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் பானையை அவன் கையில் கொடுத்து ஏற்றச் சொன்னார். அவன் ஏற்றினான். பேச்சு அத்தோடு முடிந்தது. என்னைத் தூக்கிவிட்டது யார் என்று நினைவில்லை. கால் மணலை விட்டதும் பக்கத்தில் கிடந்த கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

துறைமுக விளக்கைத் தாண்டியதும் புரொபசர் படுத்துவிட்டார். கூட வந்த மாணவர்களில் இருவரும் அவருக்குப் பக்கத்தில் சுருண்டுகொண்டார்கள். தண்டல் வீட்டம்மாவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. துண்டை நனைத்து ஒவ்வொருவர் நெற்றியிலும் போட்டார். புரொபசர் வாயில் நார்த்தங்காய் ஊறுகாய்த் துண்டை வைத்து, "உப்ப மட்டும் சப்புங்க, முழுங்காதீய" என்று குழந்தைக்குச் சொல்வது போல் சொன்னார். புரொபசர் கீழ்ப்படிந்தார். இடையிடையே அந்தம்மா கணவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். தண்ணீர் ஏன் இங்கே நிறம் மாறுகிறது, அந்தப் பறவை எங்கே போய் உட்காரும், கரை தெரியாவிட்டால் எப்படித் திரும்புவது. இத்தனை வருஷத்தில் கடலைப் பற்றி வீட்டில் ஒருநாளும் பேசாத தண்டல் அன்று பேசினார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கேட்காததையும் சொல்ல ஆரம்பித்தார்.

முதல் பாரில் குளியாள் மணலும் செத்த ஓடும் கொண்டுவந்தான். இரண்டாவது இடத்திலும் அதேதான். அக்கா ஒவ்வொரு கல்லையும் புரட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, கீழே வைத்தார். அவருடைய முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. வெயில் ஏறிவிட்டது. கடற்காற்று எழும் நேரமாகிவிட்டது, கரைக்குக் கிளம்பினால் நல்லது என்றார் தண்டல். பாரின் கிழக்கு ஓரத்தில் இன்னும் ஒரே ஒரு இடம் பார்க்கலாமா என்று அக்கா கேட்டார். தண்டல் தயங்கினார். அப்போது வள்ளத்தின் அடிப்பலகையில் படுத்தபடியே, கண்ணைத் திறக்காமலே, புரொபசர் பேசினார்.

"அவங்க சொல்ற இடத்துக்குப் போங்க. நான் இன்னும் கொஞ்ச நேரம் தாங்குவேன்."

அங்கே போனோம். குளியாள் கயிற்றைப் பிடித்தபோது தண்டல் வீட்டம்மா குனிந்து, "ஏலே, கைக்கு வந்தத அள்ளிட்டு வராத. அந்தம்மா சொன்ன மாதிரி கல்ல நிதானமாப் பாத்து எடு" என்றார். அவன் முக்குளித்தான். தண்ணீரில் குமிழி வந்து அடங்கியது. எல்லாரும் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் மேலே வந்து, தேங்காய் அளவுள்ள ஒரு கல்லை வள்ளத்துக்குள் நீட்டினான். அக்கா அதை மடியில் வைத்துப் புரட்டினார். கல்லின் அடிப்பக்கத்தில், மெல்லிய நூல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிச் சில்லு போன்ற மெலிந்த ஓடுகள் கொத்தாக ஒட்டியிருந்தன. சில நகத்தளவு, சில அதைவிடச் சிறியவை.

அக்கா அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார். கல்லை அப்படியே தண்டல் வீட்டம்மாவின் கையில் வைத்தார். அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இம்புட்டுக்குத்தானா இம்புட்டுப் பாடு?" என்றார்.

அக்கா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பை நிறுத்த முடியாமல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தண்டல் சுக்கானை விட்டுவிட்டு வந்து கல்லைப் பார்த்தார், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். குளியாள் யாரும் சொல்லாமலே மறுபடியும் இறங்கினான். புரொபசர் எழுந்து உட்கார்ந்து, கல்லை வாங்கி, நூலிழைகளை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அக்காவுக்குத் தலை வணங்கினார். பிறகு அவசரமாக வள்ளத்தின் ஓரத்துக்குத் திரும்பிக்கொண்டார்.

திரும்பும்போது காற்று பாயைப் புடைக்க வைத்தது. தண்டல் வீட்டம்மா அதுவரை பேசிக்கொண்டே வந்தவர், கரை தெரியத் தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டார். மாதா கோயில் முதலில் விரல் நுனி அளவுக்குத் தெரிந்தது, பிறகு உப்புக் குவியல்கள், பிறகு ஓட்டுக் கூரைகள். அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் அவரைப் பார்க்கப் பெண்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். அங்கே என்னதான் இருந்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"அங்கன ஒண்ணுமில்ல, தண்ணிதான்" என்றார் அவர். சேலையில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டுக்கொண்டார். "ஆனா ஏளா, நம்ம ஊர அங்கன இருந்து பாக்கணும். அம்புட்டு அழகு."

அக்காவின் ஆராய்ச்சி அக்காவிடமே இருந்தது. சில வருஷங்கள் கழித்து அந்தக் கடலில் மறுபடியும் முத்துக்குளிப்பு நடந்தபோது, அந்தக் கல்லுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவரே எல்லாரிடமும் சொன்னார். அவரைப் பாராட்டுவது கஷ்டம். பாராட்டத் தொடங்கினால் திருத்த ஆரம்பித்துவிடுவார். பின்னால் அவரே துறைத்தலைவியாகி, முகாமுக்கு மாணவிகளை அழைத்துப் போனார். சிப்பிக்குஞ்சு கிடைத்ததற்கு அடுத்த வருஷம் நாங்கள் தூத்துக்குடியில் இறங்கியபோது, தண்டல் வீட்டம்மா ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். என்றைக்கு வள்ளம் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தனக்கு அழைப்பு உண்டா என்று கேட்கவே இல்லை. புரொபசர் அந்த வருஷம் வள்ளத்தில் ஏறவில்லை. கரையில் உட்கார்ந்து, நாங்கள் கொண்டுவந்ததைப் பிரித்து, கழுவி, பாட்டிலில் போட்டுப் பெயர் எழுதினார். சந்தோஷமாகவே எழுதினார்.

அக்கா காலமாகி இப்போது சில வருஷம் ஆகிறது. போன மாசி மாதம் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போயிருந்தபோது, காலையில் தனியாகக் கடற்கரைக்கு நடந்தேன். கல்லூரிப் பிள்ளைகள் இயந்திரப் படகு ஒன்றில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு, காலையில் சாப்பிட்ட இட்லியைப் பற்றி ஏதோ சத்தமாகப் பேசிக்கொண்டு ஏறினார்கள். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வலையை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா இருந்திருந்தால், அவர்கள் ஏறியதைவிட, யாரும் திரும்பிப் பார்க்காததைத்தான் முதலில் கவனித்திருப்பார்.

நான் மட்டும் படகு கண்ணுக்கு மறையும் வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முகூர்த்தத்துக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன்.