மைதானத்துக்கு முதுகு காட்டியவன்

ஜலாலாபாத் மைதானத்தில் ஆட்டம் பார்க்க ஆக நல்ல இடம் எது என்று என்னைக் கேட்டால், வடக்குப் பக்கம் வெள்ளைத் திரை இருக்கிறதே, அதன் ஓரம் என்பேன். பந்து போடுகிறவனுக்கு நேர் பின்னால், அம்பயரின் கண் போகும் அதே கோடு. அந்த இடத்தில் ஜர்வலி பதினோரு வருடம் நின்றான். பதினோரு வருடத்தில் ஒரு பந்தைக்கூட அவன் பார்க்கவில்லை.

மட்டை பிடிப்பவனுக்குப் பந்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்று வைக்கிற திரை அது. அதன் பக்கத்தில் ஓர் ஈ, காக்கை அசையக் கூடாது. இதை எங்கள் ஊர்க் கூட்டத்திடம் சொல்லிப் பாருங்கள். சுவர்மேல் ஆள், டிராக்டர்மேல் ஆள், ஆரஞ்சு மரத்துக் கிளையிலும் ஆள். கரும்புச் சாறு விற்கிறவனுக்குச் சரியாகப் பந்து விழும் நேரத்தில்தான் குறுக்கே போகத் தோன்றும். அவர்களை உட்கார வைப்பது ஜர்வலியின் வேலை. ஆகவே முகம் கூட்டத்துக்கு, முதுகு மைதானத்துக்கு. பத்தடி தள்ளி, தகரத்தில் எழுதிய எண்களை எடுத்து மாட்டுகிற ஸ்கோர் பலகைக்காரன் நான், அஜ்மீர்.

நின்றான் என்று சொன்னது பொய். அவனுக்குக் காலில் சக்கரம். தேநீரைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பான். அவன் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைக் காணோம் என்று நாலு பேர் தேடப் போய், வாய்க்கால் கரையில் உலாத்திக்கொண்டிருந்தவனைப் பிடித்து வந்தோம். அப்படிப்பட்டவனை ஊரை உட்கார வைக்கும் வேலைக்கு வைத்தது யார் யோசனை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் அவன் ஏன் அந்த வேலைக்குக் கேட்டு வந்தான் என்பது எனக்குத் தெரியும். மஷால் அவனுடைய தம்பி. உலகத்தின் பெரிய மட்டைக்காரர்கள் பட்டியலில் எங்கள் நாட்டுப் பெயர் ஒன்றைப் பத்துக்குள் கொண்டுபோன அதே மஷால்தான். பெஷாவர் அகதி முகாமில் இருந்த காலத்தில் தாயும் தகப்பனும் இல்லாத தம்பியை உருளைக்கிழங்கு வண்டி தள்ளி வளர்த்தவன் ஜர்வலி. தம்பி ஆடுகிறான் என்று கேள்விப்பட்டு மூன்று முறை வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். மூன்று முறையும் அவன் கூட்டத்தை விலக்கி எட்டிப் பார்த்ததும் தம்பியின் ஸ்டம்பு பறந்தது. மூன்றாவது முறை பக்கத்தில் நின்றவர்கள் இவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றோடு முடிவு செய்துவிட்டான்.

"என் கண்ணு கொள்ளிக்கண்ணு, அஜ்மீர். அவன் ஆடுறப்ப அது அந்தப் பக்கம் திரும்பவே கூடாது."

ஆனால் தம்பி ஆடும்போது வீட்டிலும் இருக்க முடியாது. பக்கத்தில் இருக்க வேண்டும், பார்க்கவும் கூடாது. உலகத்தில் அதற்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு, அதைப் பிடித்துக்கொண்டான். வெளிநாட்டில் ஆட்டம் என்றால் வாய்க்கால் கரையில் நடப்பான். முடிந்ததும் வந்து, "எத்தனை?" என்பான். போனில் மறுபடி காட்டுவதைக்கூடப் பார்க்க மாட்டான். நடந்து முடிந்ததையும் தன் கண் கெடுத்துவிடும் என்று நம்புகிறவனை என்ன செய்வது?

எங்கள் தேநீர்க் கடையில் தினமும் ஒரு சண்டை நடக்கும். இன்றைக்கு உலகத்தில் யார் பெரிய மட்டைக்காரன்? ஒருத்தன் இந்தியாக்காரனைச் சொல்வான், ஒருத்தன் நியூசிலாந்துக்காரனை. இங்கிலாந்துக்காரன் பெயரைச் சொன்னவன் மேல் ரொட்டித் துண்டு பறக்கும். யாரையுமே பார்த்திராத ஜர்வலி குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி தீர்ப்புச் சொல்வான்.

"எவன் திரையைப் பத்திக் குறை சொல்லாம ஆடுறானோ அவன்தான் பெரிய ஆளு. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். எந்தம்பி பதினோரு வருஷத்துல ஒருநாள், திரைகிட்ட யாரோ நடக்குறாங்கன்னு கையத் தூக்கிருப்பானா?"

தூக்கியதில்லை. அது உண்மை.

போன வருடம் மஷாலுக்கு ஆகாத வருடம். ஒன்பது ஆட்டத்தில் ஓர் ஐம்பதுகூட இல்லை. பட்டியலில் சறுக்கிச் சறுக்கி எங்கோ போனான். வசந்தத்தில் எங்கள் மைதானத்தில் நாலு நாள் ஆட்டம் வைத்தார்கள். காபூலிலிருந்து தேர்வுக் குழு ஆட்கள் மூன்று பேர் வந்து கூடாரத்தில் உட்கார்ந்தார்கள். இதில் அடித்தால் அணியில் இருப்பான், இல்லையென்றால் வீட்டில் இருக்கலாம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊருக்கே தெரியும்.

முப்பத்தொரு ரன்னுக்கு மூன்று பேர் போனபின் மஷால் இறங்கினான். ஜர்வலி தஸ்பீஹ் என்கிற ஜெபமாலையை எடுத்து மணியை உருட்டத் தொடங்கினான். ஆட்டத்தை அவன் கூட்டத்தின் முகங்களில்தான் பார்த்தான். தாடிகள் எந்தப் பக்கம் திரும்புகின்றன, எவ்வளவு உயர்கின்றன என்பதை வைத்தே நாலா ஆறா என்று சொல்லிவிடுவான். அன்று மத்தியானம்வரை தாடிகள் அழகாகத் திரும்பின. நான் எண்பத்தெட்டை எடுத்து மாட்டினேன். நூறுக்கு வேண்டிய தகரங்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

குனார் மாகாணத்திலிருந்து வந்த உயரமான ஒருவன் எங்கள் பக்கத்திலிருந்து பந்து போட ஓடினான். மஷால் சட்டென்று விலகிக் கையைத் தூக்கினான். மட்டை திரையைக் காட்டியது.

ஜர்வலி திரும்பவில்லை. அம்பயர் கத்தியதை வைத்துப் புரிந்துகொண்டான். முகம் வெளுத்துவிட்டது.

"யாருய்யா அசைஞ்சது? உக்காருங்க. ஏய் கரும்பு, வண்டியத் தள்ளாத, அப்படியே நில்லு."

மறுபடி ஓடிவந்தான் குனார்க்காரன். மறுபடி கை. கூட்டத்தில் ஒருவன், "பாவம், அண்ணன் கண்ணு முதுகு வழியாவும் பாக்குது போல" என்றான். சிரித்தார்கள். எனக்கு அவன் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருந்தது. மூன்றாம் முறையும் கை உயர்ந்ததும் நான் கூட்டத்தை ஒழுங்காகப் பார்த்தேன். ஆயிரம் பேரும் கல்லாய்ச் சமைந்து உட்கார்ந்திருந்தார்கள். தம்பி நூறை நெருங்குகிற பதற்றத்தில், என்றுமில்லாமல் திரைக்குக் குறுக்கே இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் மணியை உருட்டிக்கொண்டு பறந்துகொண்டிருந்த ஒரே உயிர் ஜர்வலிதான்.

அதற்குள் மஷாலே மைதானத்தைக் கடந்து எல்லைக் கயிறுவரை வந்துவிட்டான். அம்பயர் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"லாலா, நடக்குறது நீங்கதான்." எங்கள் பக்கம் அண்ணனை லாலா என்றுதான் கூப்பிடுவோம்.

ஜர்வலி திரும்பாமலே பேசினான். "நான் பாக்கலடா. சத்தியமா ஒரு பந்துகூடப் பாக்கல."

"அதான் தப்பு. பாக்காததாலதான் நடக்குறீங்க. இப்படித் திரும்பி உக்காந்து பாருங்க. பாத்தாத்தான் அசையாம இருப்பீங்க."

"அவுட்டாயிருவே."

"இப்படி நடந்தாலும் ஆயிருவேன். எனக்குப் பந்து தெரியல, லாலா."

அண்ணன் தோளைப் பிடித்துத் திருப்பி, புல்லில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். கூட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஜர்வலிக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. மணி மடியில் விழுந்து கிடந்தது. இரண்டு கையாலும் புல்லைப் பிடித்திருந்தான், எழுந்து ஓடிவிடாமல் தன்னையே கட்டிப்போட்டதுபோல.

முதல் பந்தை மஷால் காலை முன்னால் வைத்துத் தடுத்தான். ஜர்வலி மூச்சே விடவில்லை. அடுத்தது கவர் பக்கம் நாலு. அதற்கு அடுத்த ஓவரில் ஒன்று, பிறகு மணிக்கட்டைச் சுண்டி இன்னொரு நாலு. "அவன் இப்படியா ஆடுவான்?" என்று ஜர்வலி என்னிடம் மெதுவாகக் கேட்டான். நான் ஜர்வலியை நாற்பது வருடமாக அறிந்தவன். அவன் அசையாமல் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன், பார்க்கவே பயமாக இருந்தது.

தொண்ணூற்றேழில் குனார்க்காரன் ஒரு பந்தைக் குத்தினான். அது எழும்பவே இல்லை. தரையோடு தரையாகப் பாம்புபோல வழுக்கிப் போய் ஸ்டம்பின் அடியில் இடித்தது.

கூட்டம் மஷாலைப் பார்க்கவில்லை. ஜர்வலியைப் பார்த்தது. அவன் எழுந்து நின்றான். ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவனோ அவர்கள் பக்கம் திரும்பி, பதினோரு வருடமாக அவர்களிடம் கத்திய தொண்டையில், நிதானமாகச் சொன்னான்.

"பந்து எழும்பல. நான் பாத்தேன். எவனாலயும் அதை ஆட முடியாது."

சாயங்காலம் தேநீர்க் கடையில் இருந்தபோது, ஆட்டம் முடியக்கூடக் காத்திராமல் அணிப் பட்டியல் போனில் வந்தது. மஷால் பெயர் இருந்தது. கடைக்காரர் எல்லோருக்கும் சர்க்கரை மிட்டாய் கொடுத்தார். ஜர்வலியும் சிரித்தான், கட்டிப்பிடித்தான், எல்லாம் செய்தான். ஆனால் எதுவோ அவனை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில், ஆற்றுப் பாலத்தில், எனக்கு முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருந்தவன் திரும்பி வந்தான்.

"அஜ்மீர், பெஷாவர்ல அந்த மூணு தடவை. அது வெறும் மண்ணுத் தரை, குண்டும் குழியும்."

"ஆமா."

"ஸ்டம்பு பறந்ததத்தான் பாத்தேன். பந்தப் பாக்கல. அதுவும் இன்னைக்கு மாதிரி எழும்பாமத்தான் போயிருக்கும், இல்ல?"

"இருக்கும்."

சட்டென்று முன்னால் நடந்தான், மறுபடி திரும்பி வந்தான். முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அப்ப அவன் அடிச்ச ரன்னு அத்தனையும் நான் பாத்திருக்கலாமேடா," என்றான்.