குடைக்காரர் கேட்ட கேள்வி

பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். பொய்யும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, மதுரையில் ஒருவருடைய பட்டறையில் செம்புக் கம்பி சுற்றிப் பழகி, சின்னமனூர் மெயின் ரோட்டில் சொந்தமாக மோட்டார் காயில் கட்டும் கடை போட்டவன். நானூற்று நாற்பது வோல்ட்டோடு தினமும் குடித்தனம் நடத்துகிறவனுக்கு என்ன பயம்? லோயர் கேம்ப் தொடங்கி வீரபாண்டி வரைக்கும் ஆற்றோரத் தோட்டங்களில் என் கை படாத மோட்டாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். படித்தவர்கள் மீட்டரை வைத்துக்கொண்டு முழிக்கும்போது, நான் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் ஒரு வாரம் சோறு இறங்காமல், யாராவது கடை வாசலில் வண்டியை நிறுத்தினால்கூட உடம்பு தூக்கிப் போட, நடுங்கிக்கொண்டு கிடந்தேன். அது ஒரு டிவி தொடரில் ஆரம்பித்தது என்றால் சிரிப்பீர்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. வியாழக்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு ஒரு துப்பறியும் தொடர் வரும். துப்பறிகிறவர் மழையானாலும் வெயிலானாலும் கறுப்புக் குடை ஒன்றோடுதான் வருவார். தொடரில் அவருக்கு என்னவோ பெயர் இருந்தது; எங்களுக்கு அவர் குடைக்காரர். பிணம் கிடக்கிற இடத்துக்கு வந்ததும் எல்லோரையும் பேசவிடுவார். பிறகு குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, சத்தமே போடாமல் ஒரு கேள்வி கேட்பார்: "கடைசியா இதைத் தொட்டது யாரு?" அந்தக் கேள்விக்குத் தப்பினவன் ஒருவனும் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலையில் என் கடையில் கச்சேரி கூடிவிடும். பக்கத்தில் உரக்கடை வைத்திருந்த உத்தமபாளையத்து பாய் வருவார். எதிர் வீட்டில் ரிட்டையராகி உட்கார்ந்திருந்த டீச்சர் வருவார். மூன்றாவது ஆள் என் மாப்பிள்ளை. அனுமந்தன்பட்டியில் வாழைத் தோட்டம் வைத்திருந்தார். என் ஒரே மகளை அவருக்குத்தான் கட்டிக் கொடுத்திருந்தேன். முந்தின நாள் கதையை மறுபடி முதலிலிருந்து பிரித்துப் போட்டுப் பேசினால்தான் எங்களுக்கு அன்றைய டீ இறங்கும்.

தொடர் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது குடைக்காரராக நடித்தவரை மாற்றிவிட்டார்கள். அது எங்களுக்குள் தீராத வழக்கு.

"பழைய ஆளு நடந்து வந்தாலே கொலகாரனுக்கு வேர்க்கும். புது ஆளு வந்தா நமக்குக் கொட்டாவி வருது" என்பார் பாய்.

"பழையவருக்குக் குடையை ஊண்டுறதத் தவிர என்ன தெரியும் பாய்?" என்பார் மாப்பிள்ளை. "இப்ப சாமித் தொடர்ல முனிவரா வாராரே, அங்கனயும் கமண்டலத்த அப்பிடித்தான் ஊண்டுறாரு."

"நீங்க குடையையே பாருங்க. அந்த அசிஸ்டென்ட் பொண்ணு கண்ணாலேயே பாதிக் கேஸை முடிச்சுருது. அதப் பத்தி ஒருத்தராவது வாயத் தொறக்குறீகளா?" என்பார் டீச்சர்.

"அது கண்ண நாங்க பாத்தா, வீட்ல எங்க கண்ணத் தோண்டிருவாக டீச்சர்" என்பார் பாய்.

ஒவ்வொரு கதையும் முடியப்போகிற வாரத்தில், கொலைகாரன் யார் என்று ஆளுக்கொரு பேர் சொல்ல வேண்டும். அது எங்கள் கடைச் சட்டம். பெரும்பாலும் மாப்பிள்ளை சொன்னதே சரியாக இருக்கும். எனக்கு அது முள்ளாகக் குத்தும். அந்தத் தடவை ஒரு பணக்காரர் செத்துப்போன கதை. நான் கணக்கப்பிள்ளை என்றேன். அவர் டாக்டர் என்றார்.

"மாமா, மோட்டாருக்குள்ள இருக்குறது உங்களுக்குத் தெரியும். மனுசனுக்குள்ள இருக்குறது தெரியாது" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அந்த வியாழக்கிழமை அவருடைய தோட்டத்து மோட்டாரே என்னிடம் காயில் கட்ட வந்திருந்தது. கட்டி முடித்து, மூடி போட்டு முடுக்கும்போது மணி ஏழேகால். மாப்பிள்ளை சரக்கு ஆட்டோவோடு வந்து நின்றார்.

இங்கே தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். காயில் கட்டின மோட்டாரை டெஸ்ட் லைட் போடாமல் வெளியே விடக் கூடாது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. சுவிட்சோடு சேர்த்த ஒரு குண்டு பல்பு, இரண்டு ஒயர். ஒரு முனையைக் காயிலில் வைத்து, மறு முனையை மோட்டாரின் இரும்பு உடம்பில் தொட வேண்டும். பல்பு எரியக் கூடாது. எரிந்தால் கரண்ட் உடம்புக்கு இறங்குகிறது, தொட்டவனை அடிக்கும் என்று அர்த்தம். இரண்டு நிமிஷ வேலை.

"டெஸ்ட் லைட் போட்டுட்டீகளா மாமா?" என்று கேட்டார்.

பல்பு என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆகும். கணக்கப்பிள்ளை மாட்டுகிறதை நான் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

"நான் கட்டுன காயிலுக்கு டெஸ்ட் லைட்டா? இந்தக் கைதான் மாப்ள சர்டிபிகேட்டு. ஏத்துங்க, நேரமாச்சு."

அத்தனை வருஷத்தில் பல்பைத் தொடாமல் நான் அனுப்பின மோட்டார் அது ஒன்றுதான்.

அன்றைக்குக் கணக்கப்பிள்ளைதான் மாட்டினான். நான் ஜெயித்தேன். மறுநாள் மாப்பிள்ளையை என்னென்ன சொல்லிக் கிண்டல் செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே தூங்கினேன்.

காலையில் பாயும் டீச்சரும் வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. உரக்கடையில் போன் அடித்தது. எடுக்கப் போன பாய் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, மாப்பிள்ளைக்குக் கரண்ட் அடிச்சுருச்சாம். மோட்டாரு தண்ணி எடுக்கலைன்னு அதும்மேல கைய வச்சுருக்காரு. தூக்கி எறிஞ்சு தலை செவுத்துல அடிச்சுருச்சாம். தேனிக்குக் கொண்டு போறாகளாம்."

மகளைப் பற்றி முதலில் நினைத்தேன் என்று எழுதத்தான் ஆசை. இல்லை. என் மண்டைக்குள் குடை ஒன்று டக்கென்று ஊன்றிக்கொண்டது. கடைசியா இதைத் தொட்டது யாரு?

பஸ்ஸில் தேனி போய்ச் சேருகிறவரை என் கையை என்னால் பார்க்க முடியவில்லை. துண்டுக்குள் மறைத்துவைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஆறு சாத்துக்குடி வாங்கினேன். படி ஏறும்போதுதான் ஞாபகம் வந்தது: தொடரில் ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாகப் பழத்தோடு வருகிறவன் கொலைகாரன்தான். அந்தப் பழத்தை வைத்துக்கொள்ளவும் பயம், கீழே போடவும் பயம்.

மாப்பிள்ளை கண் மூடிக் கிடந்தார். தலையில் கட்டு, வலது கையில் கட்டு. இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று சொன்னார்களாம். மகள் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மோட்டார்லதான் கோளாறுன்னு எல்லாரும் சொல்றாகப்பா. நான் விடலையே. எங்கப்பா கட்டுன மோட்டாருல கோளாறு வராதுன்னு சொல்லிட்டேன். வேற என்னமோ நடந்துருக்கு."

அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஏம்ப்பா கை இப்பிடி நடுங்குது?"

"பஸ்ல காத்து, ஆத்தா."

இரண்டு நாள் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றேன். அவர் செத்துப்போனால் என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம். பிழைத்து எழுந்தால் முதலில் என்ன சொல்வார் என்ற பயம் ஒரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சரியாகப் பதில் சொல்லியிருப்பேனா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் கண் திறந்தார். மகள் அழுதாள். அவர் கண் என்னைத் தேடியது. உதடு அசைந்தது. குனிந்தேன். டெஸ்ட் லைட் என்று சொல்லப்போகிறார் என்று என் காது அடைத்துப்போயிற்று.

"யாரு மாமா... கொலகாரன்?"

என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. மோட்டாரை இறக்கி மாட்டுவதற்குள் அவருக்குத் தொடர் முடிந்துபோயிருக்கிறது.

"கணக்கப்பிள்ளை, மாப்ள."

"அப்ப நீங்க ஜெயிச்சுட்டீக" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைக்குத் திரும்பினால் அங்கே வேறு கூத்து. பாயும் டீச்சரும் கேஸைக் கையில் எடுத்திருந்தார்கள். பாய் மொபெட்டில் தோட்டத்துக்கே போய் மோட்டார் ரூமைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"எர்த்துக் கம்பியக் காணோம்ணே! எவனோ அறுத்துட்டுப் போயிருக்கான். மோட்டாரு நீங்க கட்டுனது, அதுல குத்தம் சொல்ல முடியாது. அப்ப கம்பிய அறுத்தவன்தான் ஆளு."

"கெணத்துப் பக்கம் கெடை போட்ருக்கானே ஆட்டுக்காரன், அவன் பழைய செம்பு, பித்தளையெல்லாம் எடைக்குப் போடுவானாம்" என்றார் டீச்சர். "கேட்டா முழிக்கிறானாம்."

"எர்த்து இல்லைன்னா இப்பிடி அடிக்குமாண்ணே?" என்று பாய் என்னைக் கேட்டார்.

"அடிக்கும்" என்றேன்.

அது பாதி உண்மை. உடம்புக்கு இறங்குகிற கரண்டை மண்ணுக்குள் இழுத்துக்கொள்வதுதான் அந்தக் கம்பியின் வேலை. கம்பி இல்லாவிட்டால் அது ஆளைத்தான் தேடும். ஆனால் முதலில் கரண்ட் உடம்புக்கு இறங்க வேண்டுமே. அந்த மறு பாதியை நான் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். ஆட்டுக்காரனை எனக்குத் தெரியாது, முகம்கூடப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து எந்தப் பக்கம் ஆடு கத்தினாலும் நான் கடைக்குள்ளே போய்விடுவேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, கச்சேரி நேரத்துக்கு, சரக்கு ஆட்டோ ஒன்று கடை முன்னால் வந்து நின்றது. மாப்பிள்ளை மெதுவாக இறங்கினார். கையில் கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. மகள் பிடித்துக்கொண்டாள். பின்னால் அந்த மோட்டார். டிரைவரும் பாயும் அதைத் தூக்கி என் மேஜையில் வைத்தார்கள்.

"ஊர்ல ஆளுக்கொண்ணு சொல்றாக மாமா" என்றார் மாப்பிள்ளை. "ஒரு தரம் டெஸ்ட் லைட் போட்டுப் பாத்துருங்க. மனசு தெளிஞ்சுரும்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மனுசனுக்குள் இருப்பது எனக்குத் தெரியாது என்று சொன்னவர்தானே.

பல்பை ஆணியிலிருந்து எடுத்து, சுவிட்சைப் போட்டேன். பாய், டீச்சர், மகள், மாப்பிள்ளை, டிரைவர். எல்லோரும் பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு முனையைக் காயிலில் வைத்தேன். மறு முனை என் விரல்களுக்கிடையில் இருந்தது. காயில் கட்டுகிறவனுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. மோட்டாருக்கு அடித்திருக்கும் பெயின்ட் கரண்டை விடாது. பெயின்ட்டின் மேல் முனையை வைத்தால், உள்ளே எவ்வளவு கோளாறு இருந்தாலும் பல்பு எரியாது. பெயின்ட் இல்லாத போல்ட்டில் வைக்க வேண்டும்.

நான் பெயின்ட்டின் மேல் வைத்தேன்.

பல்பு எரியவில்லை.

"பாத்தீகளா! அண்ணன் கை சோடை போகுமா?" என்று பாய் தொடையில் தட்டினார். மகள் முகம் மலர்ந்தது. "நான் சொல்லல?" என்று டீச்சரைப் பார்த்தாள். நான் தப்பித்துவிட்டேன்.

மாப்பிள்ளை தலையாட்டினார். "சரி மாமா. அப்ப இன்னைக்கே மாட்டிருவோம். வாழை வாடுது. என் கை இப்பிடி இருக்கு, இனி கொஞ்ச நாளைக்கு உங்க மகதான் மோட்டாரு போடணும்."

"அதுக்கென்ன, நான் போடுறேன்" என்றாள் மகள்.

அதுவரைக்கும் இருந்தது பயமே இல்லை. அந்த மோட்டார் ரூம் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். அவள் செருப்பு போடாமல் நடக்கிறவள். தண்ணீர் வரவில்லை என்றால் அவளும் கையை வைத்துப் பார்ப்பாள்.

ஒயரை எடுத்தேன். போல்ட்டில் வைத்தேன்.

பல்பு எரிந்தது. பட்டப் பகலிலும் மஞ்சளாக, பளிச்சென்று எரிந்தது.

ரோட்டில் போன பஸ்ஸின் ஹாரன்தான் கேட்டது.

"இது என்னப்பா?" என்றாள் மகள்.

"கடைசியாத் தொட்டது நான்தான் ஆத்தா. அன்னைக்கு லைட் போடல. தொடருக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டேன். இப்ப மொதல்ல வச்சதும் பெயின்ட் மேல."

டீச்சர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய்தான் போய்ச் சுவிட்சை அணைத்தார். மாப்பிள்ளை கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னார்: "எர்த்துக் கம்பி போன கோடையிலேயே போயிருச்சு பாய். நான்தான் மாட்டாம விட்டேன். அந்த ஆட்டுக்காரன விட்ருங்க."

மோட்டாரைப் பிரித்தேன். கம்பி உட்காரும் காடி ஒன்றின் வாயில், கரண்ட் இறங்காமல் தடுக்க வைக்கிற பேப்பர் கிழிந்து, கம்பி இரும்பில் உரசிக் கறுத்திருந்தது. மறுபடி முழுக்கக் கட்டினேன். மகள் மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. மாப்பிள்ளையின் வலது கட்டைவிரலுக்கு உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை. கச்சேரி பாய் கடைக்கு மாறிவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள், போனேன், கொலைகாரன் பேர் மட்டும் சொல்வதில்லை.

இன்றைக்கும் சொல்கிறேன், இந்தப் பள்ளத்தாக்கில் என்னைப் போல் காயில் கட்ட ஆள் கிடையாது. ஆனால் மோட்டாரின் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று பார்க்க, போல்ட்டில் வைத்து, பல்பு எரியவில்லை என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன். மகள் கடைக்கு வந்தால் இப்போதெல்லாம் பேசுகிறாள், டீ வாங்கிக் கொடுக்கிறாள். உள்ளே நுழைந்ததும் முதலில் ஆணியில் தொங்கும் பல்பைப் பார்க்கிறாள். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்க்கிறாள்.